கொக்கியில் மாட்டிய சாப்பாட்டுப் பை

மாரண்டஹள்ளிப் பக்கம் நாங்கள் நான்கு பேர் பள்ளிக்கூட வேன் ஓட்டினோம். நால்வருக்கும் சேர்த்து தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான். யார் வண்டிக்கு எஃப்.சி. தகுதிச் சோதனையோ, அன்றைக்கு அவர் வேனில் அது ஏறும். அதிகாரி வெளியே நின்றபடியே, "இருக்குதா?" என்பார். "இருக்குதுங்க சார்." காகிதத்தில் ஒரு டிக் விழும். மாலையில் சிலிண்டர் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடும்.

எனக்கு அதில் வெட்கமே இருந்ததில்லை. மழை பெய்தால் உள்ளேயே குடை பிடித்து உட்கார வேண்டிய அரசு பஸ்ஸை விட்டுவிட்டு எங்களை மட்டும் நோண்டுகிறார்களே என்று டீக்கடையில் வாய் கிழியப் பேசுவேன். என் சீட்டுக்குப் பின்னால் சிலிண்டருக்கான கொக்கி சும்மா கிடந்தது. யூகேஜி பிள்ளை ஒருத்தி தன் சாப்பாட்டுப் பையை அதில்தான் மாட்டுவாள்.

போன வருடம் ஒரு காலையில் என் சீட்டுக்கு அடியில் வயர் கருகிப் புகைந்தது. வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளை இறக்கினேன். தீ எழுந்ததும் கை தானாகக் கொக்கிக்குப் போனது. பைதான் தட்டுப்பட்டது. பின்னால் வந்த அரசு பஸ்ஸிடம் ஓடினேன். அதன் டிரைவர் சிலிண்டரைத் தூக்கி வந்து அமுக்கினார். புஸ்ஸென்று காற்றுகூட வரவில்லை. என்றைக்கு நிரப்பியதோ, அவருக்கே தெரியாது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அதற்குள் அந்தப் பிள்ளை பையை எடுக்கத் திரும்ப ஏறிவிட்டாள். நான் இழுத்து வெளியே போடுவதற்குள் அவள் கை முழங்கை வரை வெந்துவிட்டது. தக்காளித் தோட்டத்து அம்மா ஒருவர் மோட்டார் போட்டு, தண்ணீர் ஹோஸை இழுத்து வந்து தீயை அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என் கையைப் பிடித்து அழுதார். "நீங்க மட்டும் இல்லைன்னா எம்புள்ள என்னாயிருக்கும்ங்ணா." உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

உடனே புது சிலிண்டர் வாங்கி மாட்டினேன். போன மாதம் எங்கள் நால்வரில் ஒருவர் வந்து, "நாளைக்கு எஃப்.சி.ங்ணா, ஒரு நாளைக்குக் குடுங்க" என்றார். மறுத்தேன். அவர் வேறெங்கோ வாங்கிப் பாஸாகிவிட்டார்.

மறுநாள் பள்ளி வாசலில் அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். கொக்கியில் ஒரு நீலப் பை தொங்கியது. ஏறிப் போய் அதைக் கழற்றி, அது யாருடையதோ அந்தப் பிள்ளையின் மடியில் வைத்தேன். "உங்களுக்கு என்னங்ணா வந்துச்சு?" என்று அவர் கத்தினார். கத்தட்டும். அந்தக் கொக்கி காலியாக இருப்பதை அவர் தினமும் பார்க்க வேண்டும்.