ஊருக்கு இங்கிலீஷில் என்ன?

எங்கள் தெருவிலேயே இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவள் நான்தான் என்று ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. சூலூரில் நாங்கள் இருந்த அந்தத் தெருவில் இங்கிலீஷ் மீடியம் போன பிள்ளைகள் மொத்தமே நாலு பேர். அதில் இரண்டு பேர் எல்கேஜி. போட்டி அவ்வளவுதான்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவு விட்ட சமயத்தில் இங்கிலாந்திலிருந்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், குடும்பத்தோடு வந்தார். அங்கே போய்ப் பல வருஷமாகி, அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று கோட்டு போட்டுக்கொண்டு, கையில் சின்னக் கொடியோடு நின்ற போட்டோவை எங்களுக்கு அனுப்பியிருந்தார். அவர் மகளுக்கு என் வயது. அங்கேயே பிறந்தவள். கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு ஜீன்ஸ் பேன்ட்டில் ஒரு வெள்ளைக்காரி வந்து இறங்குவாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

வந்து இறங்கியவள் ஒரு முடிகூட வெளியே தெரியாமல் தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். எனக்கு முதல் அதிர்ச்சி அதுதான். நானெல்லாம் குர்ஆன் ஓதப் போகும்போது முக்காடு போட்டு, திரும்பி வரும்போது தெருமுனையிலேயே எடுத்துவிடுகிற ஆள். இரண்டாவது அதிர்ச்சி எங்கள் அம்மாவுக்கு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவள், இந்தக் கோழி ஹலால்தானா என்று கேட்டுவிட்டாள். எங்கள் வீட்டில், எங்கள் அம்மாவிடம். கோழி அறுத்த பாய் எங்கள் அத்தாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா சிரித்து மழுப்பினார். அம்மாவுக்கு ராத்திரிவரை முகம் தெளியவில்லை.

விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருந்ததால் வீட்டுக்கு மேலே அடிக்கடி விமானம் இரையும். 'நம்ம பிளேன்' என்று பெருமையாகக் காட்டினேன். 'உங்க பிளேன்' என்று அவள் திருத்தினாள். அவள் பிரிட்டிஷாம். அப்படியென்றால் முஸ்லிம் இல்லையா என்று நான் கேட்க, இவளுக்கு மூளை இருக்கிறதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அவளுக்குத் தமிழில் வா, போ, சாப்பிடு அளவுக்குத்தான் தெரியும். அதனால் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார். தோட்டம், காடு, தறிப்பட்டறை எல்லாம் உள்ள கவுண்டர் வீடு. என்னை இடுப்பில் வைத்துத் தூக்கிச் சுமந்தவர். மடியில் கொய்யாப்பழம் கட்டிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்து, கன்னத்தைத் தடவிவிட்டுக் கேட்டார்.

"ஏங் கண்ணு, எப்ப ஊருக்குப் போறே?"

வந்த விருந்தாளியை எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் மரியாதைக் குறைவு. போவதற்குள் ஒரு வேளை சாப்பிடக் கூப்பிட வேண்டும், கொடுத்தனுப்ப ஏதாவது செய்ய வேண்டும், அதற்குத் தேதி தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

ஊர் என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. வில்லேஜ் என்றால் இங்கிலாந்துக்காரிக்குக் கேவலம். டவுன் என்றால் எங்கள் ஊரில் பஸ் ஏறி உக்கடம் கடைவீதிப் பக்கம் போவது. யோசித்து 'கன்ட்ரி' என்று போட்டேன். 'கண்ணு'வுக்கும் ஒன்றும் கிடைக்காமல் அதை விட்டுவிட்டேன். மிச்சம் வந்தது இதுதான்: உன் நாட்டுக்கு நீ எப்போது திரும்பிப் போகப் போகிறாய் என்று கேட்கிறார்கள்.

அவள் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். முகம் வெளுக்கும் என்பது கதையில் எழுதுகிற வார்த்தை என்று அதுவரை நினைத்திருந்தேன். கொய்யாப்பழத்தைக் கீழே வைத்தாள். 'இங்கேயுமா?' என்று இங்கிலீஷில் கேட்டாள். என்னைக் கேட்டாளா பெரியம்மாவைக் கேட்டாளா தெரியாது. எழுந்து உள்ளே போய் அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள்.

அம்மா வந்தாள், மாமியும் மாமாவும் வந்தார்கள். பெரியம்மா நடுவீட்டில் விக்கித்துப்போய் நின்றார். "நான் என்ன சொல்லிப்போட்டேன் அம்மணி? முறுக்குச் சுட்டுக் குடுக்கலாம்னுதானே கேட்டேன்."

மாமா கதவைத் தட்டத் தட்ட, உள்ளேயிருந்து அழுகையும் இங்கிலீஷுமாகக் கொட்டியது. அந்த வேகத்தில் எனக்குப் பிடிபட்டது பாதிதான். மீதியைப் பிறகு அம்மா சொன்னாள். அங்கே பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி மாமியின் ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்து, உன் நாட்டுக்குப் போ என்றிருக்கிறாள். வகுப்பில் ஒரு பையன் தினமும் அதையே சொல்லியிருக்கிறான். நீ எப்போது திரும்பிப் போகிறாய், எப்போது போகிறாய் என்று. மாமிக்கு எல்லாம் தெரியும். மாமாவிடம் மறைத்துவிட்டார். லீவுக்கு நம்ம ஊருக்குப் போவோம், அங்கே நம்மை யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று சொல்லித்தான் மகளைத் தேற்றி அழைத்து வந்திருக்கிறார்.

மாமா தட்டுவதை நிறுத்திவிட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மாமியைக் கேட்டார். மாமி, "கொடியப் புடிச்சுட்டு அத்தன சந்தோசமா நின்னீங்க, எப்படிங்க சொல்றது?" என்றார். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் நாற்காலி பக்கத்தில் இருக்கும்போதே தரையில் உட்காருவதைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

விஷயம் புரிந்ததும் பெரியம்மா கதவோரம் போய் நின்றார். "நீ எங்கயும் போவ வேண்டாங் கண்ணு. எங்கூட்டுலயே இருந்துக்க. எவ கேக்கறான்னு நான் பார்க்கறேன்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். மாமாதான் குரல் உடைய அதை இங்கிலீஷில் சொன்னார். 'கண்ணு'வை மட்டும் அவரும் தமிழிலேயே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது.

சாயங்காலம் வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையிலிருந்து வந்த அத்தா, வார்னிஷ் படிந்த கையைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா நடந்ததைச் சொல்லியிருந்தாள். என் பக்கத்தில் இருந்த மாமா மகள், எனக்குப் புரிய வேண்டுமென்று மெதுவாகக் கேட்டாள். எங்களை இந்தியாவுக்குப் போ என்கிறார்கள். உங்களை எங்கே போகச் சொல்வார்கள்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் எதற்குப் போக வேண்டும், இதுதானே எங்கள் ஊர் என்றேன். அவள் நம்பவில்லை. உன் அத்தாவைக் கேள் என்றாள்.

"அத்தா, நம்மளப் போகச் சொல்றவங்க எங்க போகச் சொல்வாங்கன்னு கேக்கறா."

இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சரியாகத்தான் சொன்னேன். அத்தா திரும்பவில்லை. வார்னிஷ் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மாமா அத்தாவின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் சத்தத்தில் அத்தாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை கேட்டேன்.