கணினிக்கு வைத்த பொட்டு

மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு டிமிக்கி கொடுத்ததால், முருகன் என் காரின் பெட்ரோலை வற்றவைத்துவிட்டான் என்றே நம்பினேன். சிரிக்காதீர்கள்!

அன்று திருத்தணி மலையில் என் முப்பது வயதுக் காருக்குப் பூஜை போட்டு, தரிசனமும் முடித்து, அக்கா வீட்டுக்காரரான பாவாவை அரக்கோணத்தில் ரயிலேற்றப் புறப்பட்டேன். மறுநாள் அவர் புது வேலையில் சேர வேண்டும். பாதி இறக்கத்தில் பார்த்தால், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும் குட்டிக் கணினியில் பூஜ்யம்! வண்டியை ஓரங்கட்டினேன். டேங்க் ஓட்டையோ என்று புது வேட்டியோடு காருக்கடியில் புகுந்து தரையை மோந்து பார்த்தேன்.

“முருகா, இப்பவே மொட்டை போட்டுக்கிறேன்!” என்று அலறினேன்.

“எழுந்து வா மச்சான், பெட்ரோல் முள்ளு பாதி டேங்க் காட்டிகினு கீது. எனக்கு ரயிலு போயிடும்!” என்ற பாவா, கணினியின் பொத்தானை நகத்தால் சுரண்டினார். “ஏம்பா, இதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பொட்டு?”

எண்கள் துள்ளிக்கொண்டு வந்தன! ரயிலைப் பிடித்துவிட்டோம். என் அலறலைச் சாலையோரம் நின்ற ஆட்டோக்காரர்கள் கேட்டுவிட்டதால் மொட்டையிலிருந்தும் தப்ப முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: பூஜையில் நான் அப்பிய சந்தனம் காய்ந்து, கணக்கை அழிக்கும் பொத்தானை அமுக்கியபடியே பிடித்திருந்தது.