பேருந்தில் வந்த பிள்ளை

இன்று காலை 9.42. பழைய திட்டம் ஒன்றைப் புதுக் கணினியில் இறக்கியதும் முதலில் கண்ணில் பட்டது காலியான ஒரு ஃபோல்டர். உடனே மூக்கில் ஃபினாயில் வாசனை.

சொல்லிவிடுகிறேன். ஒரு ரெப்போவுக்குள், அதாவது நிரல் கோப்புகளின் பெட்டகத்துக்குள், இன்னொரு ரெப்போ வைக்கலாம். தாய், பிள்ளையின் கோப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது; பிள்ளையின் எந்த நிலை வேண்டும் என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்கும். பிள்ளையைத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

ஃபினாயில், பல வருடங்களுக்கு முன் விழுப்புரத்தில் பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையினுடையது. நோயாளிகளைத் தமிழில் எண் சொல்லி அழைக்கும் எங்கள் டோக்கன் நிரலை அன்று பதினொன்றரைக்குக் காட்ட வேண்டும். அதில் பிள்ளையான குரல் பகுதி ஸ்டெல்லா எழுதியது. வேலைக்கு வந்து மூன்று மாதம். "இன்னிக்கு அவங்க சரின்னா நீ இரும்மா, இல்லன்னா வேற எடம் பாரு" என்று திண்டிவனத்து அலுவலகத்தில் முதலாளி சொல்லியிருந்தார். நான் முன்னால் போய் மருத்துவமனைக் கணினியில் இறக்கினேன். தாய் வந்தது. குரல் ஃபோல்டர் காலி. தாய் கேட்கும் நிலை சர்வரிலேயே இல்லை. மணி 10.50.

ஸ்டெல்லாவை அழைத்தேன். பேருந்தில் இருந்தாள்.

"தாயை அனுப்பிட்டு பிள்ளைய வுட்டுட்டியாம்மா?"

"எல்லாத்தையும் அனுப்புன்னீங்க, அனுப்பிட்டேனேண்ணா."

'எல்லாம்' என்றால் இரண்டு என்று சொல்லாதவன் நான்தான்.

"குரல் காலியா கெடக்குது."

"அது என் லேப்டாப்புலயே நின்னுட்டிருக்குண்ணா. இப்பதான் கூட்டேரிப்பட்டு தாண்டிக்கினு இருக்கோம். சிக்னல் வந்து வந்து போவுது."

நிலக்கடலை மூட்டையோடு வந்த பக்கத்து இருக்கை அம்மாளின் குரலும் கேட்டது: "பொட்டிய மடியில வச்சிக்கினு ஏன் பேஜாரு படுற? மல்லாட்ட மூட்ட மேல வையி. ஆனா சாஞ்சிடாத, ஒடஞ்சிதுன்னா நீதான் வாங்கிக்கணும்."

அவள் பேருந்திலிருந்தே அனுப்பிப் பார்க்க, நான் திரையைப் பார்த்தபடியே நின்றேன். மீண்டும் கட்டளை கொடுத்தேன், இல்லை. மீண்டும்; இல்லை. 11.17க்குக் கோப்புகள் வரிவரியாக இறங்கின. கூடத்து ஒலிபெருக்கி "டோக்கன் பதினேழு, அறை மூன்று" என்றதும் வரிசையில் இருந்த ஒருவர் நிஜமாகவே எழுந்து நடந்தார். "வந்துச்சாண்ணா?" என்றாள் தொலைபேசியில். "ஆளே எழுந்து போயிட்டாரும்மா."

மருத்துவமனைக்காரர்கள் சரி என்றார்கள். ஸ்டெல்லா வேலையில் இருந்தாள். மறுநாள் முதலாளி அலுவலகச் சுவரில் எழுதினார்: 'முதலில் பிள்ளை, பிறகு தாய்.' அதைச் சத்தமாகப் படிக்காமல் யாரும் எதையும் அனுப்பக் கூடாது என்பது சட்டம். நாலு வருடம் படித்தோம்.

நிறுவனம் மூடிவிட்டது. அலுவலகம் இருந்த மாடியில் இப்போது தையல் வகுப்பு. சுவருக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள்.