சிவப்புக் குண்டூசி

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தை மாதக் கடைசி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் ஒரு கிராமத்து வயலில் நடந்தது இது. சம்பா அறுவடை முடிந்து, அறுத்து விட்ட நெல் தாளுக்கு நடுவே உளுந்து பச்சை விட்டிருந்த நேரம்.

நான் ஒரு வேளாண் கல்லூரியில் மண்ணியல் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் எனக்கு ரகசியமாக வைத்திருந்த பெயர் 'களிமண்'. காய்ந்தால் கல், நனைந்தால் காலை விடாது என்று அர்த்தமாம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடும். எங்கள் ஆய்வகத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு அறை. தரை முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்து, ஊர் ஊராகக் கொண்டுவந்த மண்ணைக் காய வைத்திருப்போம். கதவைத் திறந்தாலே முதல் மழை வாசம் வரும். வயலுக்குப் போகிற நாளென்றால் இன்னும் விசேஷம். கல்லூரி பஸ் கிளம்பி ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின் சீட்டில் பாட்டு ஆரம்பித்துவிடும். பத்து மணிக்கே புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். நான் திரும்பிப் பார்த்தால் மட்டும் எல்லோரும் நோட்டைப் படிப்பது போல உட்கார்ந்திருப்பார்கள்.

வயலில் என்ன செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன். மார்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுவோம். அதன் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவி விட்டால் மண் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கட்டியை எடுத்து நனைத்து, கலர் சார்ட் என்ற புத்தகத்தில் எந்தக் கட்டத்து நிறத்தோடு பொருந்துகிறது என்று பார்த்து அதன் எண்ணை எழுத வேண்டும். மண்ணின் நிறம் தெரிந்தால் பாதி ஜாதகம் தெரிந்த மாதிரி. வருஷத்தில் பல மாதம் தண்ணீர் நிற்கிற நெல் வயலில் அடிமண் சாம்பல் நிறமாக இருக்கும். அதற்குள் வேர் ஓடிய வழியில் மட்டும் துருப் பிடித்த ஆணி மாதிரி செங்கோடுகள் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் வருகிறது.

அந்த வருட இரண்டாமாண்டு மாணவர்களின் பதிவேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது இரண்டு பேருடைய நிற எண்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஒருவன் பட்டுக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பையன். இன்னொருவன் அதிராம்பட்டினத்துக்காரன், நெட்டையாக, அதிகம் பேசாதவன். முதலாமவன் ஒரு இடத்தில் தப்பான பக்கத்தைப் பார்த்துத் தப்பான எண் எழுதியிருந்தான். அந்தத் தப்பும் அப்படியே இரண்டாமவனிடம் இருந்தது. ஈயடிச்சான் காப்பி!

இருவரையும் கூப்பிட்டேன். நெட்டைப் பையன் மழுப்பவே இல்லை.

"நான்தான் மேடம் பாத்து எழுதினேன். அவன் மேல ஒண்ணும் இல்ல."

ஏன் என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. ஏற்கெனவே அவன் மேல் ஒரு கடுப்பு இருந்தது. மண்ணில் எவ்வளவு மக்கு, அதாவது மக்கிப்போன இலை தழை, இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பச்சை நிறம் செங்கல் நிறமாகும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். இவன் ஒரு நாளும் சரியாக நிறுத்தியதில்லை. கவனமே கிடையாது என்று அப்போதே முத்திரை குத்தி வைத்திருந்தேன்.

பூஜ்யம் போட்டேன். அதோடு விடவில்லை. காப்பியடித்தான் என்று துறைத் தலைவருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அவர் நிதானமானவர். "வெளியிலிருந்து தேர்வாளர் வருவார் இல்லையா, அவர் முன்னால தனியா செஞ்சு காட்டட்டும். முடியலைன்னா அடுத்த வருஷம் ஜூனியர்களோட உட்காரட்டும்" என்றார். அதாவது, அந்தக் குழியில் தேறாவிட்டால் அவனுக்கு ஒரு வருடம் போச்சு.

அந்தத் தேர்வுக்காகத்தான் அன்றைக்கு நாங்கள் அந்த வயலில் இருந்தோம். தேர்வாளர் வேறு ஊர்க்காரர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழியின் கரையில் நின்றார். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். வேண்டுமென்றே அவனைக் கடைசியாகக் கூப்பிட்டு, நானும் கூடவே குழிக்குள் இறங்கினேன்.

அவன் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தான். உருட்டினான், நாடா மாதிரி நீட்டினான். எவ்வளவு களி, எவ்வளவு மணல் என்று சொன்னான். சரி. அடுக்குகளின் ஆழத்தைச் சொன்னான். அதுவும் சரி. காப்பியடிக்கிறவன் இவ்வளவு சொல்வானா என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். கோபக்காரருக்கு மூளை பின்னால்தான் வரும்.

சுவரில் அடையாளத்துக்காகக் கலர் தலை வைத்த பெரிய குண்டூசிகள் குத்தியிருந்தேன். மேலே பச்சை, கீழே சாம்பல் மண்ணில் சிவப்பு. "சிவப்பு ஊசிக்குப் பக்கத்துல மண் எடுத்து நிறம் சொல்லு" என்றேன்.

அவன் கை மேலே போனது, கீழே வந்தது, நடுவில் நின்றது. கடைசியில் பச்சை ஊசிக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தான்.

கரையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "கண்ணு எங்கப்பா இருக்கு உனக்கு? சிவப்பு எது பச்சை எதுன்னுகூடத் தெரியாமலா அக்ரி படிக்க வந்த?" என்று கத்தினேன்.

அப்போது கரையிலிருந்து அவன் நண்பன், அந்தப் பட்டுக்கோட்டைப் பையன், கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னான்: "தெரியாது மேடம். அவனுக்கு நெஜமாவே தெரியாது. செவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒண்ணு மாதிரிதான் தெரியும்."

"டேய்!" என்றான் இவன். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருடமாகக் கட்டிக் காத்தது மொத்தமும் உடைந்தது. கத்தியை மெதுவாகக் கீழே வைத்தான். கையூன்றிக் குழியிலிருந்து ஏறி, யாரையும் பார்க்காமல் வரப்பில் நடந்து போனான்.

நான் குழிக்குள்ளேயே நின்றேன். அந்தச் செங்கல் நிறச் சொட்டு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பான். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

தேர்வாளர்தான் கை கொடுத்து என்னை மேலே ஏற்றினார். "போய்க் கூட்டிட்டு வாங்கம்மா. நான் இருக்கேன், அவசரமில்ல" என்றார்.

புடவையெல்லாம் சேறு. வரப்பில் வழுக்கி வழுக்கி ஓடினேன். மோட்டார் கொட்டகை நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். திட்டு வாங்கியவன், அப்போதும் எழுந்து நின்றான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்தத் தடவை கத்தாமல்.

"சேரும்போதே ஒருத்தர் சொன்னாரு மேடம், இப்படி இருக்குன்னு தெரிஞ்சா காலேஜ விட்டு எடுத்துடுவாங்கன்னு. வாப்பா துபாய்ல இருக்காங்க. எங்க வீட்ல காலேஜ் படிக்கிற மொத ஆளு நான்தான். எப்படி மேடம் சொல்லுவேன்?"

அப்படி விதி உண்டா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடமாகப் பாடம் எடுக்கிறேன், ஒரு நாளும் அதை யோசித்ததே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை. "வா, பரீட்சை பாக்கி இருக்கு. கலரை நான் பாத்துச் சொல்றேன். அது எதனாலன்னு நீ சொல்லு" என்று மட்டும்தான் சொன்னேன்.

தேர்வாளர் சம்மதித்தார். பார்வையில்லாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற ஆள் வைத்துக்கொள்வதில்லையா, அப்படித்தான் என்றார். மறுபடி இருவரும் குழிக்குள் இறங்கினோம். நான் கட்டியை நனைத்து, சார்ட்டில் பொருத்தி, நிறத்தைச் சொல்லச் சொல்ல அவன் காரணம் சொன்னான். தண்ணீர் எத்தனை மாதம் நின்றிருக்கும், காற்று எங்கே போகவில்லை, வேர் வழியாகக் காற்று இறங்கி இரும்பு எப்படித் துருவாகிறது, ஒன்று விடாமல். கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்காத விஷயத்தை, பார்த்தவர்களைவிடத் தெளிவாகப் படித்து வைத்திருந்தான். தேர்வாளர் மேலே எதுவும் கேட்கவில்லை. தாளில் மதிப்பெண்ணை எழுதி என்னிடம் நீட்டினார். அன்றைக்கு எல்லோரிலும் அதுதான் அதிகம்.

எல்லோரும் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் குழிச் சுவரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான்: "அந்தத் துரு எப்படி மேடம் இருக்கும்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வெற்றிலை போட்ட வாய் மாதிரி என்றேன். செங்கல் மாதிரி. மருதாணி மாதிரி. அவன் சிரித்துவிட்டான்.

"எங்க அக்கா பெருநாளுக்கு மருதாணி வெச்சிட்டு வந்து காட்டுவா மேடம். எனக்குச் சேறு காஞ்ச மாதிரிதான் தெரியும். சூப்பரா இருக்குன்னு சொல்லிடுவேன்."



திரும்பும் வழியில் வடுவூரில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினோம். எல்லோர் முன்னாலும் திட்டியதற்கு எல்லோர் முன்னாலும்தானே கேட்க வேண்டும்? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "இன்னிக்கு நான் பேசினது தப்பு. உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்பா. உன் ஃப்ரெண்டுகிட்டயும்." யார் என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் நிற்க, பின்னாலிருந்து ஒரு குரல்: "மேடம், டீ ஆறுது." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டது யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மறுநாள் துறைத் தலைவரிடம் போய் என் கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் விசாரித்ததில், அவனை யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை என்று தெரிந்தது. இரண்டு வருடம் ஒரு பையனைத் தூங்கவிடாத பயத்தைத் தீர்க்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று.

அவன் படிப்பை முடித்து, மேலே படித்து, இப்போது கடலோரத்து உப்பு நிலங்களில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி செய்கிறான். எப்போதாவது போன் பண்ணுவான். நண்பனைப் பற்றித்தான் அதிகம் பேசுவான். நான் இன்னும் மாணவர்களைத் திட்டுகிறேன், சுபாவம் எங்கே போகும்? ஆனால் ஒருவன் கண்ணெதிரே இருப்பதைத் தப்பாகச் சொன்னால், பூஜ்யம் போடுவதற்கு முன் "உனக்கு எப்படித் தெரியுது, சொல்லு" என்று கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால், அத்தனை பேர் பார்க்க அவன் அந்த வரப்பில் தனியாக நடந்து போயிருக்க வேண்டாமே என்ற உறுத்தல் இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.