பூண்டி ஏரிக்கரையில் நடந்துபோன விரால்

சென்ற வாரம் என் தங்கை மகன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். ஏதோ ஒரு தேசத்து நீர்த்தேக்கம், நல்ல கோடைக்காலம். பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு மோட்டார் படகில் பறந்துபோய்த் தூண்டில் போடுகிறார்கள். பாஸ் என்று ஒரு மீனாம். பிடித்ததை மேடையில் வைத்து எடை போடுகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது, கோப்பை கொடுக்கிறார்கள். "இதெல்லாம் நம்ம ஊர்ல எங்க மாமா?" என்றான் பயல். நான் எழுந்து உட்கார்ந்தேன். இவர்களெல்லாம் படகுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பே, பூண்டி நீர்த்தேக்கத்தில் கோடைக்காலத் தூண்டில் பந்தயம் நடத்தி, அதற்குத் தலைமை தாங்கி, அதில் மகத்தான தோல்வியும் அடைந்தவன் நான். மீன் பிடிக்கப் பூண்டிப் பக்கம் போகலாமா என்று கேட்கிறவர்களுக்காக அந்தப் பயணத்தை இங்கே எழுதிவைக்கிறேன். இதில் மீனின் அளவைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் நான் ஃபிட்டர். என்னோடு ஒரே ஷிப்டில் உலையடியில் நின்றவன் டேவிட். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். வீட்டில் முதன்முதலாகச் சம்பளக் கவர் வாங்கியவன் இவன்தான். அவன் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். பெயர் செல்வி. கல்யாணம் ஆகி இரண்டு வருஷமாகியும் அவளுடைய அப்பா கன்னியப்பன் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மருமகனோடு ஒரு வார்த்தை கிடையாது. வாரத்துக்கு இரண்டு நாள் மீன் கூடையோடு கும்மிடிப்பூண்டி சந்தைக்கு வருவார். மகள் குடியிருக்கும் தெரு வந்தால் மட்டும் சைக்கிளின் வேகம் கூடும். அந்த வேகத்துக்கு மெட்ராஸ் மெயில் கூடப் பின்தங்கிப் போகும்.

தூது போனவர்கள் எல்லாரும் திட்டு வாங்கித் திரும்பினார்கள். கடைசித் தூதன் நான். சமாதானம் பேசினால்தானே திட்டுவார்? நான் அவர் குப்பத்துக்கே போய் வம்பு பேசினேன்.

"பெரியவரே, எங்க கம்பெனிப் பசங்க வருஷா வருஷம் பூண்டியில விரால் பந்தயம் போடறாங்க. உப்புத் தண்ணி ஆளுங்களுக்கு ஏரி மீன் மாட்டாதுன்னு ஒரு பேச்சு அடிபடுது."

"எவன் சொன்னான்?"

"ஊரே சொல்லுது."

ஊர் என்பது நான்தான். கன்னியப்பன் வலையைக் கீழே போட்டார். "ஏரி மீனுன்றது ஒரு மீனாடா? குட்டையில கெடக்குறது. வரேன். ஆனா ஒண்ணு. நா ஜெயிச்சேன்னா, அவனுக்காக இனிமே எவனும் என்னாண்ட தூது வரக்கூடாது. நீயும்தான்."

எங்கள் பந்தயத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. விரால் மட்டும்தான் கணக்கு, எல்லாவற்றிலும் பெரிய விராலைத் தராசில் ஏற்றுபவன் ஜெயித்தவன். கோப்பை கீப்பை எதுவும் கிடையாது. ஜெயித்தவன் வீட்டில் அன்று ராத்திரி குழம்பு வைப்பார்கள். தோற்றவன் அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படி "நல்லா இருக்கு" என்று சொல்லியாக வேண்டும். மானமுள்ளவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உலகத்தில் கிடையாது. ஆக, டேவிட் ஜெயித்தால் மாமனார் மகள் வீட்டில் சாப்பிட வேண்டும். மாமனார் ஜெயித்தால் அவர் வீட்டில் குழம்பும் கிடையாது, இனித் தூதும் கிடையாது, கதவை மூடித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. இது தெரிந்த நாள் முதல் டேவிட்டுக்குத் தூக்கம் போய்விட்டது.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் வண்டி. கரி எஞ்சின். பேசின்பிரிட்ஜில் இறங்கித் திருவள்ளூர் வண்டி பிடித்தோம். முக்கோணத்தின் இரண்டு பக்கமும் சுற்றுகிற வழி இது. தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். தச்சூர், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று பஸ்ஸிலும் போகலாம், தூரம் குறைவு. ஆனால் மூங்கில் தூண்டில்களைப் பார்த்ததும் அந்தக் கால கண்டக்டர்கள் தலைக்கு மேல் கை கூப்பி எங்களை இறக்கிவிடுவார்கள்.

கன்னியப்பன் பொன்னேரியில் எங்கள் பெட்டியில்தான் ஏறினார். ஏறி, எதிர்க் கோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேசின்பிரிட்ஜில் வண்டி மாறி, செவ்வாப்பேட்டை தாண்டியும் அந்த முதுகு திரும்பவில்லை. நான் இட்லிப் பொட்டலத்தோடு போய், "நாஷ்டா பண்றீங்களா பெரியவரே?" என்றேன்.

"யார் ஊட்டு இட்லி?"

"செல்வி கட்டிக் குடுத்தது."

"பசிக்கல" என்றார். அவர் வயிறு ஒரு சத்தம் போட்டது. எஞ்சின் டிரைவர் அதைக் கேட்டுப் பிரேக் போட்டதாக ஞாபகம்.

திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து பூண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு செங்கல் லாரி ஏற்றிக்கொண்டது. கரையோரம் மளிகைக்கடை வைத்திருந்த ராமையாதான் எங்கள் நடுவர். காரணம், தராசு அவருடையது. பருப்பு நிறுக்கும் தட்டில் எங்களுக்காக ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்திருந்தார்.

கோடையில் ஏரி நடுவே ஒடுங்கிவிடும். கரையோரம் கோரை வளர்ந்த பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். விரால் அங்கேதான் படுத்திருக்கும். அன்றைய வெயிலைப் பற்றி என்ன சொல்ல? கொக்குகள் ஒன்றன் நிழலில் ஒன்று வரிசையாக நின்றன. முதல் கொக்குக்குத்தான் பாவம், நிழல் தர யாரும் இல்லை. டேவிட் முள்ளில் தவளையைக் கோத்துக் கோரை மேல் தத்தித் தத்தி இழுத்தான். விராலுக்கு அதுதான் பிடிக்கும். நானும் அப்படியே செய்தேன். எனக்கு மாட்டியது ஒரு செருப்பு, அதுவும் ஒற்றைக் கால்.

கன்னியப்பன் தவளையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இத்த எவன் தொடுவான்?" பனையோலைப் பட்டையைப் பிரித்து, பழவேற்காட்டிலிருந்து கொண்டுவந்த இறாலை எடுத்து முள்ளில் மாட்டினார்.

பதினோரு மணி சுமாருக்கு டேவிட் ஒரு விரால் பிடித்தான். முக்கால் கிலோ இருக்கும். பிடித்த கையோடு ஈரச் சாக்கில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினான். பிறகு மதியம்வரை ஒன்றும் இல்லை. நான் மனதுக்குள் சாப்பாட்டுப் பந்தியே போட்டுவிட்டேன்.

அப்போது கன்னியப்பனின் மூங்கில் வளைந்தது. வில்லாக வளைந்தது, பிறகு வளையலாக வளைந்தது. அவர் அவசரமே படவில்லை. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கடைசியில் ஒரே இழுப்பில் கரையில் போட்டார். விரால். அன்றைக்கு என் முழங்கை நீளம் இருந்தது. நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அதுவும் வளர்ந்து, இப்போது என் இடுப்பு உயரம் வந்திருக்கிறது. டேவிட்டின் மீனை அது ஒரு வேளை நாஷ்டாவாகத் தின்றிருக்கும்.

டேவிட் பக்கம் பார்த்தேன். தன் சாக்கைத் தூக்கிக் கையாலேயே எடை பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னியப்பன் முள்ளைக் கழற்றினார். மீனை ஈரப்புல்லில் வைத்து மேலே துண்டைப் போட்டார். தண்ணீரில் இறங்கிக் கை கழுவினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு ஒரு பீடி பற்றவைத்தார். அந்த முதுகிலேயே வெற்றிச் சிரிப்பு தெரிந்தது.

இங்கே ஒரு விஷயம். பழவேற்காட்டில் மடவையோ கொடுவாவோ கரைக்கு வந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. சாவது ஒன்றுதான் அதற்குப் பாக்கி. மீனவர் யாரும் கரையில் கிடக்கும் மீனுக்குக் காவல் இருப்பதில்லை. விரால் அந்த ஜாதி இல்லை. அது தண்ணீருக்கு வெளியேயும் மூச்சுவிடும். புல் ஈரமாக இருந்தால் நெளிந்து நெளிந்து நடந்தே போகும். ஏரிக்கரைக்காரன் யாராக இருந்தாலும் பிடித்த விராலை முதலில் மண்டையில் தட்டுவான், இல்லாவிட்டால் சாக்கில் கட்டுவான். உப்புத் தண்ணீரில் ஆயுசு முழுக்கக் கழித்தவருக்கு இதை யார் சொல்வது?

துண்டு நகர்ந்தது. முதலில் வெயிலில் என் கண்தான் மங்குகிறது என்று நினைத்தேன். இல்லை. துண்டு சாவகாசமாக, கல்யாண ஊர்வலம் மாதிரி தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் சத்தம் வராமல் இருக்க என் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். இன்னும் நான்கு முழம். மூன்று முழம். போ, என் ராசா, போ.

"மாமா! மீன் போவுது!"

கத்தியது டேவிட். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவனை அன்றுதான் நேரில் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் அவன் மாமனாரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கன்னியப்பன் திரும்பவில்லை. புகையை விட்டார். "யாராண்ட உடறான் கத?" என்று ஏரியிடம் சொன்னார்.

"ஐயோ மாமா, நெஜமாவே போவுது! திரும்பிப் பாரு மாமா!"

"செத்த மீனு நடக்குமா? சும்மா பேஜாரு பண்ணாத."

டேவிட் ஓடினான். சரிவில் வழுக்கி, மார்பால் சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்த் துண்டைப் பிடித்தான். துண்டுதான் கையில் வந்தது. விரால் ஒரு துள்ளுத் துள்ளி, கன்னியப்பனின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து, அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு உள்ளே போனது. பீடி அணைந்துபோனது.

சேற்றில் குப்புறக் கிடந்தவனைக் கன்னியப்பன் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார்.

"ஏன் கத்தன?"

"மீன் போச்சே மாமா. கத்தாம இன்னா பண்றது?"

"போனா ஒனக்குத்தானே ஜெயம்?"

டேவிட் வாயிலிருந்த சேற்றைத் துப்பினான். "அம்மாம் பெரிய மீனு மாமா" என்றான்.

தராசடியிலும் அவன் விடவில்லை. "மாமா புடிச்சதுதான் பெருசு. இது செல்லாது" என்று சாக்கை அவிழ்க்கவே மறுத்தான். ராமையா எடைக்கல்லைத் தட்டில் வைத்தார். "தட்டுல ஏறுறதுதான் மீனு. ஏரியில இருக்குறத நா எப்படி எடை போடுவேன்? அவுருப்பா." சட்டம் சட்டம்தான். டேவிட் ஜெயித்தான். கன்னியப்பன் தூண்டில் கயிற்றைச் சுருட்டினார்.

திரும்பும் வண்டியில் அவர் எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். முதுகுக்குப் பதில் முகம், அவ்வளவுதான் முன்னேற்றம். அத்திப்பட்டு, மீஞ்சூர் எல்லாம் போயின. பழவேற்காட்டுக்காரர் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மகள் வீட்டுக்கு என்றால் கும்மிடிப்பூண்டிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பொன்னேரி வந்தது. கன்னியப்பன் எழுந்தார். பையைத் தோளில் போட்டார். இறங்கிவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி நகர்ந்தது. டேவிட் மடியில் சாக்கு, சாக்குக்குள் விரால் நெளிந்துகொண்டிருந்தது. "அவுரு மேல தப்பு இல்ல. நெஜமா பாத்தா அவுருதானே ஜெயிச்சாரு" என்றான். கவரைப்பேட்டை தாண்டும்வரை நான் என் ஆயுளிலேயே முதல்முறையாகப் பேசாமல் வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம். கேட்டை நோக்கி நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னாங்கடா, ஓடிக்கினே கீறீங்க?"

கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து மூச்சு வாங்க வருகிறார் கன்னியப்பன். ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு, இன்னொரு கையில் இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. பொன்னேரிப் பூக்காரி முழம் போட்டு முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டதாம். ஓடிவந்து கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டிருக்கிறார்.

"பொண்ணு ஊட்டுக்குக் கைய வீசிக்கினா போவ முடியும்?" என்று என்னை முறைத்தார், ஏதோ நான்தான் போகச் சொன்ன மாதிரி.

கதவைத் திறந்த செல்வி கையில் கரண்டி இருந்தது. "வா நைனா" என்றாள். பிறகு அதே கரண்டியைக் கீழே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரம் அடுப்பங்கரையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள். குழம்பில் வெங்காயம் குறைவாகத்தான் இருந்தது.

கன்னியப்பன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இலையை வழித்தார். நாங்கள் காத்திருந்தோம், இன்னும் அந்த வார்த்தை வரவில்லை. "பெரியவரே, சட்டம்" என்று இழுத்தேன்.

"நல்லா இருக்கு" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. உடனே மருமகனைப் பார்த்தார். "உப்பு பத்தல. ஏரி மீனு வேற எப்பிடி இருக்கும்? அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க. மீனுன்னா இன்னான்னு காட்டறேன்."

சரி, பயணம் போகிறவர்களுக்கு வருகிறேன். பூண்டிக்குக் கோடையில் போங்கள். தண்ணீர் குறைந்திருந்தால்தான் பள்ளங்கள் தெரியும். திருவள்ளூர் ஸ்டேஷனிலிருந்து பஸ் கிடைக்கும், செங்கல் லாரியை நம்ப வேண்டாம். தூண்டில் போடும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் காலம் மாதிரி இப்போது இல்லை. தொப்பி, மோர், ஒரு நல்ல சாக்கு இந்த மூன்றும் கட்டாயம். கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் போனால் தூரம் குறைவு, ரயிலில் போனால் பொன்னேரி வரும். வீட்டில் யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லை என்றால் ரயிலையே சிபாரிசு செய்வேன்.

விரால் மாட்டினால் உடனே சாக்கில் கட்டுங்கள். கட்ட மறந்து கை கழுவப் போயிருந்தால், பின்னாலிருந்து "மீன் போவுது" என்று ஒருவன் கத்துவான். அவன் யாராக இருந்தாலும் திரும்பிப் பாருங்கள்.