நோவுக்கு நான் போட்ட புள்ளி

வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரனோடும் முச்சக்கர வண்டிக்காரனோடும் மல்லுக்கு நிற்கிற வாய் எனக்கு. ஒரு டொக்டர் அன்பாக ஒரு வார்த்தை கேட்டால் அதே வாய் பெட்டிப்பாம்பாகிவிடும். வெட்கக்கேடு.

அக்கி மாறிய பிறகும் முதுகில் நரம்பு நோ விடவில்லை. சேலை பட்டாலே நெருப்பு. அதற்கு ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். நரம்பில் சோடியம் நுழைகிற குட்டி வாசல்கள் இருக்கின்றனவாம். அவை திறந்தால்தான் நோ மூளைக்கு ஓடுமாம். இந்தக் குளிசை அந்த வாசல்களை அடைக்கும். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாக்குளிசை. யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாது. நோ இல்லாவிட்டால் பூச்சியம், தாங்கவே முடியாவிட்டால் பத்து என்று நாங்கள் புள்ளி சொல்ல வேண்டும். மருந்தின் தலைவிதி அந்தப் புள்ளியில்தான் இருந்தது.

டொக்டர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஓர் இளம் பிள்ளை. "இப்ப எப்பிடி அன்ரி?" என்று அவ்வளவு ஆசையோடு கேட்பாள். எட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவளிடம் கறி சரியில்லை என்று சொல்வோமா? "பரவாயில்லை பிள்ளை, மூண்டு போடுங்கோ" என்பேன். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து முனகுவேன்.

கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பவர் ஒரு முகத்துவாரத்து மீனவர். அவருக்கு அக்கி விட்டுப்போன நோ நெஞ்சில். சேர்ட்டைப் பூட்டாமல், துணி உடம்பில் படாதபடி கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். குளிசை தொடங்கிச் சில வாரம் போனதும் பட்டன் எல்லாம் பூட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் டொக்டர் கூப்பிட்டுச் சொன்னாள். எனக்குத் தந்தது மாக்குளிசையாம். என்னைப் போலப் பலர் அந்த மாவுக்கே நல்ல புள்ளியை அள்ளிக் கொடுத்திருக்கிறோம். மருந்துக்கும் மாவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாததால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். முகம் சுட்டது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகொரு நாள் கிளினிக்கில் அந்த மீனவரைக் கண்டேன். சேர்ட் திறந்து கிடந்தது. துணியைக் கையால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எனக்குத் தந்தது உண்மையான மருந்துதானாம் அக்கா. வேலை செய்யலன்னு நிப்பாட்டிட்டாங்க. எனக்கு நல்லா செஞ்சிச்சே" என்றார்.

முதுகில் உரசிய சேலையைத் தூக்கிப் பிடித்தேன். அவரோ எனக்காக இரங்கி, என் முதுகு நோ எப்படியிருக்கிறது என்று விசாரித்தார்.

"பரவாயில்லை" என்றேன்.