டீக்கடையில் படிக்கும் போன்கள்

அமிலம் அளக்கும் பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பது கௌரவ விரிவுரையாளரின் வேலையில்லை. ஆனாலும் லேப் உதவியாளர் ஓய்வுபெற்ற பிறகு கோகிலவாணிதான் கழுவுகிறாள். போளூரிலிருந்து ஜவ்வாது மலையடிவாரக் கல்லூரிக்குப் பஸ்ஸில் வந்து, வேதியியல் நடத்தி, அமில நெடியடிக்கும் புடவையோடு வீடு திரும்பி, அதே கையால் மாவு கரைக்கிறவள். வருஷா வருஷம் வேலை நீட்டிப்புக்குக் காத்திருக்கிறவள் என்பதால் எதற்கும் வாய் திறப்பதில்லை.

இந்த வருஷம் அச்சடித்த செய்முறைக் கையேட்டை நிறுத்திவிட்டு இணையத்தில் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் முந்தின நாளே அதைப் படித்துவிட்டு வரவேண்டும். யார் எவ்வளவு நேரம் பக்கத்தைத் திறந்துவைத்திருந்தார்கள் என்று அந்த இணையதளமே கணக்கெடுக்கும். நேரம் போதாதவர்களுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது. அது இல்லாமல் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

ஜவ்வாது மலை ஊர்களில் டவர் ஏது? மலைப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் பஸ் ஏறுமுன் அடிவாரத்து டீக்கடையில் போனைச் சார்ஜில் போட்டு, திரை அணையாதபடி கையேட்டைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி முழுக்கப் போன் படிக்கும். காலையில் பஜ்ஜி எண்ணெய்ப் பிசுக்கோடு எடுத்துவந்து, அதே விரலால் பியூரெட்டைத் தொடுவார்கள். அந்தப் பிசுக்கைத்தான் கோகிலவாணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மலைப் பிள்ளைகளில் செவ்வந்தி மட்டும் போனை அங்கே வைக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே படிக்கவேண்டியிருந்தது. கல்லூரியிலேயே பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு போய் வீட்டில் படித்தாள். இணையக் கணக்கில் அவள் நேரம் ஏறவே இல்லை.

கை துடைத்துக்கொண்டு கோகிலவாணி துறைத்தலைவர் பாண்டுரங்கனிடம் போனாள்.

"செவ்வந்தி நல்லா செய்யிற பொண்ணு சார். நானு கையால மார்க் போட்றேனே?"

"கையால போட்றதெல்லாம் இப்ப இல்லமா. அவளயும் டீக்கடையில வெக்கச் சொல்லு."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நான் டீ குடிக்கிற கடைமா அது! பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்துல நம்ம டிபார்ட்மென்டே படிச்சிக்கினு கீது." சிரித்தார். "ஜில்லாவுலயே வாசிப்புல நாமதான் ஃபஸ்ட்டு, தெரியுமா?"

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி திரும்பி நடந்தாள்.

லேப்பில் செவ்வந்தி பையோடு நின்றிருந்தாள். "இன்னா மேடம் சொன்னாரு?"

கோகிலவாணி குழாயைத் திறந்து, கழுவிய பியூரெட்டையே மறுபடியும் கழுவினாள்.

"அப்போ நானும் இன்னிக்கு டீக்கடையில வெச்சிட்டுப் போவட்டுமா மேடம்?"

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. வெளியே மலைப் பஸ் ஹாரன் அடித்தது. செவ்வந்தி பையிலிருந்து சார்ஜரைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.